கைப் பிரேக்கைத் தொடாதே



தோட்டத்தில் மோட்டார் ஓட்டப் பழகிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவருக்கு முதலில் சொல்லித்தந்த பாடம் கியரைப் பற்றியும் இருக்காது, ஆக்சிலேட்டரைப் பற்றியும் இருக்காது. "கைப் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிரும்" என்பதுதான் அது. அப்பா சொல்லியிருப்பார், அண்ணன் சொல்லியிருப்பார். ஆயுசுக்கும் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டாமல் பெரட்டுக்களத்து ஓரத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த தாத்தாவும் சொல்லியிருப்பார். சுங்கை சிப்புட், பத்து காஜா, பீடோர், தெலுக் இந்தான் என்று பேராக்கின் எந்த மூலைத் தோட்டத்திலிருந்து வந்தவராக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு கிடையாது. கட்சி, சங்கம், கோயில் நிர்வாகம் எல்லாவற்றிலும் இரண்டாகப் பிரிந்து நிற்கும் நமக்குள் இப்படி ஓர் ஒற்றுமை அதிசயம்தான்.

அவர்கள் தப்பாகச் சொல்லிவிடவில்லை. அது செம்மண் சடக்குக்கான புத்தி. விடிகாலை இருட்டு, இரவெல்லாம் பெய்த மழை, நனைந்து மக்கிக் கிடக்கும் ரப்பர் இலை, வண்டியில் கட்டிய பால் டின். அந்த வழியில் முன் சக்கரம் இறுகிப் பூட்டிக்கொண்டால் ஆளும் பாலும் தரையில்தான். வேகமும் இருபது முப்பதைத் தாண்டாது. கால் பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய் நிற்கும், ஒரு காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவே மாறிவிட்டன. நாம் லயத்தை விட்டுப் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிவந்தோம். தார்ச் சாலையில் எண்பது, தொண்ணூறு என்று வேலைக்குப் பறக்கிறோம். பாத்திரம் பண்டத்தோடு சேர்த்து அந்தப் பழைய புத்தியையும் கட்டி எடுத்துவந்துவிட்டோம். இன்றைக்கும் ஈப்போவில் ஒரு சமிக்ஞை விளக்கருகே நின்று நம்மவர்களின் வலது கையைக் கவனியுங்கள். பிரேக் பிடியின் மேல் ஒரு விரல்கூட இருக்காது.

இதையெல்லாம் நான் திடீரென்று பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய வயதில், இந்த ஆண்டு மோட்டார் ஓட்டும் மேல்நிலைப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். அலுவலகத்தில் சேதி பரவியதும் "அக்கா, சிப்பாங் ரேசுக்கா போறீங்க?" என்று கேட்டார்கள். வீட்டில் கேள்வி வேறு மாதிரி வந்தது: "முப்பது வருஷமா ஓட்டுறீங்க, இன்னும் என்னம்மா கத்துக்கணும்?" அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த மாதத்து ஆசிரியர் பக்கம்.

ஈப்போவுக்கு வெளியே வாரக் கடைசியில் காலியாகக் கிடக்கும் ஓர் அகன்ற கார் நிறுத்துமிடம்தான் வகுப்பறை. ஆரஞ்சு நிறக் கூம்புகள், சுண்ணாம்புக் கோடுகள், ஒரு வாளியில் தண்ணீர். ஆசிரியர் போக்குவரத்துப் போலீசில் பல காலம் மோட்டாரிலேயே பணியாற்றி ஓய்வுபெற்ற மலாய்க்காரர். என்னை "கக்" என்று அழைத்தார், ஆண்களை "பாங்" என்றார். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள்: ஒரு பல் மருத்துவர், இரண்டு குத்தகைக்காரர்கள், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர். பெரும்பாலும் 600 சிசியும் அதற்கு மேலும் உள்ள பெரிய வண்டிகள். பெண்கள் இரண்டே பேர். கப்சாய் என்னும் சிறிய மோட்டாரோடு போனவள் நான் மட்டும்தான். அந்தக் கூட்டத்தின் நடுவே என் வண்டியை நிறுத்தியபோது, திருமணத்துக்கு வந்த இடத்தில் யாரோ பள்ளிச் சீருடையோடு நிற்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "நாட்டிலே பாதிப் பேர் ஓட்டுறது இதைத்தான். இதிலே கத்துக்கிட்டா எதிலேயும் ஓட்டலாம்" என்றார்.

அவர் சொன்னதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1958இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம், கப்சாய்களுக்கெல்லாம் முன்னோடியான 'சூப்பர் கப்' வண்டியை வெளியிட்டது. அதே ஆண்டுதான் பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டா மோட்டார்களை மலாயாவுக்குள் கொண்டுவந்தார். பட்டறையில் மெக்கானிக்காகத் தொடங்கிப் பேருந்து முதலாளியாக உயர்ந்தவர் அவர். கிளட்சைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை, சாரமோ புடவையோ கட்டியவர்கூட ஏறி உட்காரலாம், எண்ணெய் குடிக்காது, சேற்றில் சிக்கினால் இருவர் தூக்கிவிடலாம். தோட்டத்துக்கென்றே செய்ததுபோல் அமைந்தது. பால்மரம் வெட்டப் போனவர்களும், கிராணியும், தோட்டத்துப் பள்ளி ஆசிரியரும், வட்டிக்கு விட்டவரும் எல்லோரும் அதில்தான் போனார்கள். 2017இல் அந்த வண்டியின் உலக உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. இத்தனை பேர் ஓட்டிய வண்டியை எத்தனை பேர் முறையாகக் கற்று ஓட்டினார்கள் என்பது வேறு கதை.

அந்தக் கதையை எண்களால் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரி ஹர்ட். 1970களில் தம் குழுவோடு லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் மோட்டார் விபத்து நடந்த இடங்களுக்கே நேரில் போய், தொள்ளாயிரம் விபத்துகளைத் தரையில் கிடந்த டயர்த் தடம் வரை அளந்து ஆராய்ந்தார். 1981இல் அறிக்கை வெளிவந்தது. மோட்டார் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அதைத் தொடாமல் பேச முடியாது. விபத்துக்குள்ளானவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ, வீட்டார் அல்லது நண்பர் சொல்லிக்கொடுத்தோ ஓட்டப் பழகியவர்கள் என்பது அதில் ஒரு முடிவு. ஆபத்து கண்ணில் பட்ட கணத்திலிருந்து மோதும் கணம் வரை ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு என்பது இன்னொன்று. அந்த இரண்டு விநாடியில் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பின் பிரேக்கை அழுத்தி மிதித்துச் சறுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. கலிபோர்னியாவில் ரப்பர்த் தோட்டம் கிடையாது. ஆனாலும் அங்கேயும் யாரோ ஒரு மாமா அதே புத்தியைச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே வகுப்பின் பெரும்பகுதி பிரேக்கிலேயே போனது. பெரிய வண்டிக்காரர்கள் வளைவில் சாய்ந்து பறக்கும் வித்தை கற்க வந்தவர்கள், அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்கு இல்லை.

வண்டி ஓடும்போது பிரேக் பிடித்தால் எடையின் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் தரையில் அழுந்துகிறது, பின் சக்கரம் லேசாகிறது. அழுந்திய சக்கரத்துக்குத்தான் பிடிமானம் அதிகம். காய்ந்த தார்ச் சாலையில் வண்டியை நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய எழுபது விழுக்காட்டை முன் பிரேக்தான் செய்கிறது. கால் பிரேக்கை மட்டும் நம்புகிறவர் அந்த எழுபதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகிறோம், தொண்ணூறில் இருபத்தைந்து மீட்டர். திகைத்து நிற்கும் அந்த ஒரு விநாடியிலேயே இவ்வளவு தூரம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு கால் பிரேக் மட்டும் என்றால், நிற்பதற்கு ஆகும் தூரம் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆசிரியர் இதைக் கரும்பலகையில் எழுதவில்லை. ஒவ்வொருவரையும் முதலில் கால் பிரேக்கால் மட்டும் நிறுத்தச் சொல்லி, வண்டி நின்ற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். பிறகு இரண்டையும் பிடிக்கச் சொல்லி இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே போய் நின்று, "இந்த இடத்திலே ஒரு லாரி நிக்குதுன்னு வச்சுக்குங்க" என்றார். தலைமையாசிரியர் அந்த இடைவெளியைக் கால் அடியால் அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தார்.

அப்படியானால் தாத்தா சொன்ன "தூக்கி அடிக்கும்" என்னவாயிற்று? அடிக்கும்தான், பிடியை ஒரேயடியாக அறைந்து பிடித்தால். எடை முன்னால் வந்து சேர்வதற்குள் சக்கரம் பூட்டிக்கொண்டுவிடும். முதலில் லேசாகத் தொட வேண்டும், முன்பகுதி கீழே அமிழ்வதை உணர வேண்டும், அமிழ அமிழ அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். வண்டி நேராக இருக்க வேண்டும், கைப்பிடி திரும்பியிருக்கக் கூடாது. எல்லாம் ஒரு விநாடிக்குள் நடக்கும் காரியம். அதனால்தான் அறிந்துகொண்டால் மட்டும் போதாது என்கிறார்கள். கை தானாகச் செய்யும் வரை செய்துகொண்டே இருக்க வேண்டும். நடுவயதில் ஒன்றைப் புதிதாகக் கற்பது எளிது. முப்பது வருஷம் சும்மா இருக்கப் பழகிய விரல்களை எழுப்பி வேலைக்கு அனுப்புவதுதான் பெரும்பாடு.

கண்ணைப் பற்றிய பாடம் எனக்கு அடுத்தபடியாகப் பிடித்தது. மோட்டார், நாம் பார்க்கும் இடத்துக்குப் போகும். குழியைப் பார்த்தால் குழிக்குள், எதிரே வரும் லாரியைப் பார்த்தால் லாரிக்கு. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதையில் போயிருப்பீர்கள். வளைவுக்கு முன்னால் சாலையின் இரண்டு ஓரமும் ஓர் இடத்தில் சேர்ந்து முடிந்துவிடுவதுபோல் தெரியும். அந்தப் புள்ளியைக் கவனிக்கச் சொன்னார் ஆசிரியர். நாம் போகப் போக அது நம்மை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு கூர்மையானது, வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். அது நம்மை விட்டு விலகிக்கொண்டே போனால் வளைவு விரிகிறது, போகலாம். பார்வை எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிந்த வேகமே சரியான வேகம். லண்டன் போலீசார் 1930களில் ஹெண்டன் பள்ளியில் தங்கள் ஓட்டுநர்களுக்காக உருவாக்கிய முறையின் தொடர்ச்சிதான் இதெல்லாம். 1955இல் 'ரோட்கிராஃப்ட்' என்ற கையேடாகப் பொதுமக்களுக்கும் வந்தது. வளைவுக்குள் எங்கே நின்றால் தூரம் தெரியும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. இடப்பக்க வளைவில் நடுக்கோட்டுப் பக்கமாக நின்றால் அதிகம் தெரியும். ஆனால் நம் மலைப்பாதைகளில் காய்கறி லாரிகள் அந்தக் கோட்டைப் பொருட்படுத்துவதில்லையே என்று கேட்டேன். "கொஞ்சம் கம்மியாத் தெரிஞ்சாலும் பரவாயில்லை, கக். உயிரோட பாருங்க" என்றார்.

கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் யானை வந்தால் என்ன செய்வது என்று பல் மருத்துவர் கேட்டார். தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள் என்பது பதில். நிறுத்துவதற்கும் பிரேக் தெரிந்திருக்க வேண்டும் என்று முணுமுணுத்தவர் தலைமையாசிரியர்.

பெரிய வண்டிக்காரர்கள் எதிர்பார்த்த பாடம் பிற்பகலில் வந்தது. வேகமாகப் போகும்போது இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் கைப்பிடியின் இடப்பக்கத்தை முன்னே தள்ள வேண்டும். அதாவது சக்கரத்தை ஒரு நொடி வலப்பக்கம் திருப்ப வேண்டும். வண்டி இடப்பக்கம் சாயும், பிறகு திரும்பும். கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். விமானம் கண்டுபிடிப்பதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களில் மூத்தவர் வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் அறியாமலே இதைத்தான் செய்கிறார்கள் என்று கவனித்துச் சொல்லியிருக்கிறார். நாமும் சிறுவயது முதல் செய்து வருகிறோம். தெரிந்து செய்யும்போது ஒரு வித்தியாசம் இருக்கிறது: காரின் கதவு திடீரென்று திறந்தால், உடம்பு மரத்துப்போகாமல் கை சரியான பக்கம் தள்ளும். கீத் கோட் என்ற அமெரிக்கர் 1980இல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளியின் பாடங்களில் பயம் பெரிய இடம் பிடிக்கிறது. வளைவில் பயந்தவுடன் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுவது, கைப்பிடியை இறுகப் பற்றுவது, கண்ணை ஒரே இடத்தில் நிறுத்துவது. இவையெல்லாம் உயிரைக் காக்க உடம்பு தானாகச் செய்யும் காரியங்கள், வண்டியின் மேல் இருக்கும்போது அவையே கவிழ்த்துவிடும் என்பது அவர் கண்டது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கும் அந்தப் பள்ளி வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது.

மழையைப் பற்றிப் பேசாமல் பேராக்கில் மோட்டார் பேச முடியாது. மழைக்குப் பேர்போன தைப்பிங்கை வைத்துக்கொண்டு நாம் மழைக்குப் பயந்தால் எப்படி? வெயில் காய்ந்த சாலையில் முதல் பத்து நிமிடம் பெய்யும் மழைதான் மோசமானது. தூசியும் எண்ணெய்க் கசிவும் மிதந்து மேலே வரும். வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, பாலத்து இரும்புப் பட்டை ஆகியவற்றின் மேல் சாயவே கூடாது. செம்பனை லாரி திரும்பும் சந்திப்புகளில் சேறும் உதிர்ந்த பழமும் கிடக்கும். ஈரத்தில் எல்லாவற்றையும் மெதுவாகச் செய், ஆனால் எதையும் செய்யாமல் விட்டுவிடாதே என்பது ஆசிரியரின் ஒரு வரிப் பாடம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சொந்த ஊர்ப் பெருமிதம். கம்போங் காஜா பக்கத்துப் பையன் கைருல் இடாம் பாவி, 2016 ஏப்ரலில் அர்ஜென்டினாவில் மோட்டோ3 உலகப் பந்தயத்தில் வென்றான். கிராண்ட் பிரி பந்தயம் ஒன்றில் வென்ற முதல் மலேசியன். அன்று தடம் ஈரம். அதே ஆண்டு ஜெர்மனியில் மறுபடியும் வென்றபோதும் மழை. உலகமே வழுக்கிய இடத்தில் பேராக்குப் பையன் வழுக்கவில்லை.

வயதுக்கு வருவோம். பிரிட்டனில் 1990களில் ஒரு போக்கைக் கண்டார்கள். இளமையில் மோட்டார் ஓட்டி, குடும்பம் குழந்தை என்று விட்டுவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பின் கையில் காசு சேர்ந்ததும் பெரிய வண்டி வாங்கி மறுபடி ஏறுகிறவர்கள். அவர்களின் விபத்துகள் கவலையைக் கிளப்பின. அங்கே போலீசே 'பைக்சேஃப்' என்ற பெயரில், கூடவே ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லித்தரும் திட்டம் நடத்துகிறது. ஹர்ட் அறிக்கையிலும் இதற்கு ஒத்துப்போகும் ஒரு சேதி உண்டு. விபத்துக்குள்ளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மொத்தத்தில் ஏறக்குறைய மூன்று ஆண்டு மோட்டார் ஓட்டியவர்கள்தான் அவர்கள். ஈப்போவிலும் பார்க்கிறேன். மகள் பட்டம் வாங்கியதும் அப்பா ஆயிரம் சிசி வாங்குகிறார். 250 சிசிக்கு மேல் ஓட்ட வேறு உரிமம் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உரிமம் வாங்குவது என்பது சோதனையில் ஒருநாள் தேறுவது. அந்த எடை கைக்குப் பழகுவது அதற்குப் பிறகுதான்.

கழுத்து முன்போலத் திரும்புவதில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்துவிட்டுத் தடம் மாறுகிறோம், லாரியின் இடப்பக்கக் குருட்டு மூலையில் போய் நிற்கிறோம். வெயிலிலிருந்து மெனோரா சுரங்கத்துக்குள் நுழையும்போது இருபது வயதுக் கண் உடனே பழகிக்கொள்ளும், ஐம்பது வயதுக் கண்ணுக்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போய்விடுவோம் என்ற கணக்கை மேலே போட்டாயிற்று. நமக்கு இருக்கும் ஒரே ஆதாயம் அவசரமின்மை. அதையும் சனிக்கிழமை காலைச் சாப்பாட்டு ஓட்டங்களில், முன்னால் போகும் நண்பர் குழுவை எட்டிப் பிடிக்கும் ஆசையில் தொலைத்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் மனதில் வகுப்பை விடப் பெரிதாக உட்கார்ந்திருப்பது இதுதான். அந்தக் கார் நிறுத்துமிடத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள் அங்கே இல்லை. நம் நாட்டுச் சாலைகளில் 2016இல் 7,152 பேரும், 2019இல் 6,167 பேரும் மாண்டார்கள். ஆண்டுதோறும் இந்தக் கணக்கில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆயிரம் சிசிக்காரர்கள் அல்லர். அதிகாலை வேலைமாற்றத்துக்குப் போகும் தொழிற்சாலைத் தொழிலாளி, இரவுக் காவல் முடித்துத் தூக்கக் கண்ணோடு திரும்பும் பாதுகாவலர், சாப்பாடு கொண்டுபோகும் பையன். எல்லோரும் கப்சாய். சட்டையின் மேல் முன்பின்னாக மாட்டிய ஜேக்கட், கழற்றி மாட்டச் சோம்பி வார் பூட்டாத தலைக்கவசம். தலைக்கவசத்தை 1973லேயே கட்டாயமாக்கிய நாடு இது. வாரைப் பூட்டவைக்க இன்னும் முடியவில்லை.

வசதியும் அவர்களுக்குக் கடைசியில்தான் வருகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கை 2025 ஜனவரி முதல் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார் மாடல்களுக்கு அரசாங்கம் கட்டாயமாக்கியது. நல்ல காரியம், நான் வரவேற்கிறேன். ஆனால் 110, 125 சிசி கப்சாய் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. பிரேக் பிடிக்கத் தெரியாதவரிடமே ஏபிஎஸ் இல்லாத வண்டி. வசதி குறைந்த இளைஞர்களுக்குச் சிறிய மோட்டாருக்கான பி2 உரிமம் எடுத்துக்கொடுக்கும் 'மைலேசன்' திட்டமும் இருக்கிறது, நம் பிள்ளைகள் பயன்படுத்த வேண்டும். உரிமத்துக்கான சோதனையில் குறுகலான மேடையில் விழாமல் போக வேண்டும், வளைந்து வளைந்து திரும்ப வேண்டும். சரிதான். எண்பதில் போகும்போது குறுக்கே ஒரு கார் திரும்பினால் என்ன செய்வது என்பதை அதற்கப்புறம் யார் சொல்லித்தருவது? மேல்நிலை வகுப்புகளின் கட்டணமோ, ஒரு பாதுகாவலர் யோசிக்காமல் எடுத்துவைக்கக்கூடிய தொகையாக இல்லை.

கட்டணம் கட்ட வேண்டிய பாடமாகவும் இது எனக்குத் தோன்றவில்லை. ஒரு தார்த்தரை, பத்துக் கூம்பு, ஒரு சுண்ணாம்புக் கட்டி, சொல்லித்தரத் தெரிந்த ஒருவர், இவ்வளவு போதும். தமிழ்ப்பள்ளிகளின் வாகன நிறுத்துமிடம் ஞாயிறு காலையில் காலி. முன்னாள் மாணவர் சங்கங்கள் பூப்பந்துப் போட்டி நடத்துகின்றன, கோயில்கள் ரத்ததானம் நடத்துகின்றன. தோட்டம் போன பின்னும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நாலாபக்கமிருந்தும் கூடுகிறோமே, அதில் பாதிப் பேர் மோட்டாரில்தான் வருகிறோம். வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால் சொக்சோ இழப்பீடு கிடைக்கும் என்பதைத் தெரிந்து வைத்திருக்கிறோம். படிவம் நிரப்பித் தருவதற்கு ஆள் இருக்கிறது. பிரேக் சொல்லித்தர ஆள் தேடினால் என்ன?

வகுப்பிலிருந்து உடனே செய்யக்கூடிய ஒன்று: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். பூ இருக்கிறது, தேயவில்லை என்று வைத்திருப்போம், ரப்பர் உள்ளே இறுகிப்போயிருக்கும். ரப்பரைப் பற்றிப் பேராக்கு மக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹியூ லோ 1877இல் கோலாகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றைக்கும் மரமாக நிற்கிற மாநிலம் இது.

அந்த மரத்தைப் பார்க்கத்தான் வகுப்பு முடிந்த பின் ஒருநாள் பழைய சாலையில் போனேன். செம்மோர், சுங்கை சிப்புட் என்று நெடுஞ்சாலைக்கு முந்தைய வழி. இருபுறமும் செம்பனை, நடுநடுவே ஒரு கோயில் கோபுரம் மட்டும் தனியாக. விரல் பிரேக்கின் மேல்தான் இருந்தது, ஒருமுறை ஆட்டுக்குட்டி ஓடிவந்தபோது வேலையும் செய்தது. ஆட்டுக்குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு மோட்டார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் யார், எந்தத் தோட்டத்தில், எந்த வண்டியில், முதலில் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். அப்பாவோடோ அண்ணனோடோ வண்டியில் எடுத்த பழைய படம் இருந்தால் கூடவே அனுப்புங்கள், பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவோம். உங்கள் ஊர் பள்ளியோ கோயிலோ ஒரு காலைப் பொழுதுக்குத் தார்த்தரையைத் தர முடியுமானால் தனியாக ஒரு வரி எழுதுங்கள். எங்கள் ஆசிரியரிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வர அவர் தயார், நாசி லெமாக் மட்டும் வாங்கிக்கொடுத்தால் போதும் என்கிறார். கூம்புகளும் அவரிடமே இருக்கின்றன. வருகிறவர்கள் கப்சாயிலேயே வரலாம்.